முயலுக்கு ஒரு பொன்னாடை

2019 மே 31, மாலை நாலரை மணி. நெய்வேலி நகரியத்தின் சாலையில் ஒரு மினி லாரி ஊர்ந்து போனது. அதன் மேல் கழுத்து தெரியாத அளவுக்கு மாலைகளோடு துரைராஜ் நின்றார். பக்கத்தில், வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அவர் மனைவி கஸ்தூரியம்மாள். முன்னால் பேண்டு வாத்தியம், பின்னால் இருபது இருசக்கர வண்டிகள்.

சுரங்க வேலையில் ஓய்வு பெறுகிற எல்லோரையும் இப்படித்தான் வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். மாதத்தின் கடைசி நாளில் இந்த ஊரில் நாலைந்து ஊர்வலங்கள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு போகும். மறுநாள் காலை முதல் ஷிப்டுக்குப் போகிறவர்களில் ஒருவர்கூட அந்த மாலைக் கழுத்துகளை நினைத்துப் பார்க்க மாட்டார். ஓய்வு பெற்றவர்களும் அதைப் புரிந்துகொண்டு காலை நடை, சர்க்கரை மாத்திரை, பேரப்பிள்ளைகளின் பள்ளி வேன் என்று அடங்கிவிடுவார்கள்.

துரைராஜ் அடங்கவில்லை. அவருக்குத் தன் பேச்சைக் கேட்டு நாலு பேர் ஓட வேண்டும். முப்பத்தைந்து வருடம் அப்படித்தான் ஓடினார்கள்.

கன்வேயர் பராமரிப்பில் அவர் ஃபோர்மேன். நிலக்கரியை மேலே கொண்டுவரும் பெல்ட் எங்கே அறுந்தாலும் அவருடைய ஆட்கள்தான் போய்த் தைப்பார்கள். தைக்கிற வேலையை அவர் கையால் தொட்டதாக யாரும் சொன்னதில்லை. அவரிடம் இருந்தது வேறு சொத்து. எப்போதோ இங்கே வந்து இயந்திரங்களைப் பூட்டிவிட்டுப் போன ஜெர்மன் இன்ஜினீயர்கள் விட்டுச்சென்ற ஐந்தாறு சொற்கள். அவற்றைத் தன் மேலதிகாரியிடமிருந்து காதால் பிடித்து வைத்திருந்தார். அதில் ஒன்றை எடுத்து உரக்கக் கத்துவார். காண்ட்ராக்ட் ஆட்கள் பதறி எதையாவது தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். எதைக் கொண்டுவந்தாலும் "இது இல்லடா" என்பார். சரியான பொருள் எது என்று அவருக்கும் தெரியாது. ஆனால் கேட்க ஆள் இல்லை. புரியாத சொல்லைச் சொல்பவன் நிற்பான், கேட்பவன் ஓடுவான் என்ற ஒரே பாடத்தைத்தான் தன் வேலைக்காலம் முழுவதும் துரைராஜ் கற்றார். அதைத்தான் ஓய்வுக் காலத்துக்கும் எடுத்துப் போனார்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்து, நகரியத்துக்கு வெளியே இந்திரா நகரில் கட்டிய வீட்டுக்குப் போனார்கள். மகன் அருண்ராஜ் அதற்குள் போர்ச்சுகல் போயிருந்தான். "பெரிய கம்பெனி" என்று துரைராஜ் எல்லோரிடமும் சொன்னார். எந்தக் கம்பெனி என்று கேட்டால் பேச்சை வானிலைக்கு மாற்றிவிடுவார். மகன் அழைக்கும்போது நாலு வார்த்தை பேச வேண்டும் என்று போனில் ஒரு இலவச செயலியை இறக்கிக்கொண்டார். அது படத்தைக் காட்டிப் போர்ச்சுகீசிய வாக்கியங்களைச் சொல்லித்தரும். மகன் அழைக்கவில்லை. செயலி மட்டும் தினமும் காலை ஏழு மணிக்குத் தவறாமல் அழைத்தது.

வணக்கம், நன்றி என்ற பாடங்களைக் கடந்து விலங்குகள் பாடத்துக்கு வந்தார். நாயும் பூனையும் வாயில் நுழையவில்லை. மூன்றாவதாக ஒரு வெள்ளை முயல் வந்தது. அதற்கு அந்த மொழியில் கொயேல்யு. துரைராஜ் அதைச் சொன்ன மாத்திரத்தில் போனில் எக்காளம் ஊதி, திரை முழுக்க வண்ணக் காகிதங்கள் கொட்டின. மே 31க்குப் பிறகு அவரை யாரும் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அடுத்த பாடத்தில் நேற்று, நாளை என்று வினைச்சொற்கள் வந்தன. அதில் ஏழெட்டு முறை தோற்றார். பிறகு முயலுக்கே திரும்பி வந்துவிட்டார். இன்றுவரை அங்கேதான் இருக்கிறார்.

அவரிடம் இருப்பது அரை டஜன் வாக்கியங்கள். முயல் தண்ணீர் குடிக்கிறது. முயல் இறைச்சி சாப்பிடாது. முயலுக்கு வயதாகிவிட்டது. முயல் எங்கே? என் முயல் வெள்ளை. முயல் சமையலறையில் இருக்கிறது. இவற்றை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் ஒரு நகரத்தின் நடுவே என்னவெல்லாம் செய்ய முடியுமோ அத்தனையும் செய்தார்.

டீக்கடையில் உட்கார்ந்ததும், "ஓந்தி எஸ்தா ஊ கொயேல்யு?" என்பார். அதாவது, முயல் எங்கே? கடைக்காரர் விழித்தால், "சக்கர கம்மியா ஒரு டீ போடுங்கறேன்" என்பார். பேங்கில் வரிசை நகராவிட்டால், "ஊ கொயேல்யு எ வேல்யு" என்று முணுமுணுப்பார். பக்கத்தில் நிற்பவர் என்ன என்று கேட்டே ஆக வேண்டும். கேட்காவிட்டால் இன்னும் கொஞ்சம் உரக்க முணுமுணுப்பார். "சர்வர் பிராப்ளம்னு சொன்னேன். அந்த ஊர்லயும் இதே கததான்." முயலுக்கு வயதாகிவிட்டது என்பதற்கு அவர் தந்த அர்த்தம் அது.

ஒரு சாவு வீட்டுக்குப் போனார். மாலையைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடி, "ஊ கொயேல்யு நாவ் கோமி கார்னி" என்றார். முயல் இறைச்சி சாப்பிடாது. இறந்தவரின் மகன் கையைப் பிடித்து, "உங்கள் குடும்பத்தின் துயரத்தில் பங்கெடுக்கிறேன்னு அர்த்தம் தம்பி" என்று விளக்கினார். அந்தப் பையன் விம்மினான். அடுத்த வாரம் ஒரு கல்யாணத்தில் அதே வாக்கியத்தைச் சொல்லி மணமக்களைப் பல்லாண்டு வாழச் சொன்னார். இரண்டுக்கும் வந்திருந்தவர்கள் குறைந்தது முப்பது பேராவது இருப்பார்கள். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

இப்படியாக ஊரில் ஒரு பன்மொழிப் புலவர் உருவானார். பணி மூப்புள்ளவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது இந்த நகரியத்தில் எழுதாத விதி. கிரேடு பார்த்து வீடு ஒதுக்கி, கிரேடு பார்த்து நாற்காலி போட்டுப் பழகிய ஊர் இது. ஓய்வு பெற்ற பிறகும் மனிதர்கள் தங்கள் கிரேடை மாட்டிக்கொண்டுதான் காய்கறி வாங்கப் போகிறார்கள். ஒரு பழைய ஃபோர்மேனின் வாயிலிருந்து வந்த போர்ச்சுகீசியத்தைச் சோதித்துப் பார்க்கும் துணிச்சல் எவருக்கு வரும்?

சுப்பிரமணியனுக்கு நிச்சயமாக வராது. அவர் துரைராஜின் கீழ் இருபது வருடம் காண்ட்ராக்டில் வேலை பார்த்தவர். கத்தலைக் கேட்டு எதையோ தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர்களில் முதல் ஆள். இன்னும் காண்ட்ராக்ட்தான். பெர்மனென்ட் ஆகிவிடும் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் நம்புவார். மந்தாரக்குப்பத்தில் வீடு. ஒரே மகள் மலர்விழி, வயது இருபத்து நாலு. நர்சிங் டிப்ளமோ முடித்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். அதுவும் காண்ட்ராக்ட்.

சென்ற ஆண்டு சென்னையில் இருக்கும் ஒரு ஏஜென்சி மூலம் அவளுக்கு ஒரு வழி திறந்தது. போர்ச்சுகலில் ஒரு முதியோர் இல்லம். சேர்ந்த முதல் நாளிலிருந்தே நிரந்தர வேலை. ஒரே நிபந்தனை, அந்த இல்லத்தின் தலைவி வீடியோவில் நேரடியாகப் பேசிப் பார்ப்பார். அடிப்படை போர்ச்சுகீசியம் தெரிந்திருக்க வேண்டும். ஏஜென்சியே ஒரு ஆன்லைன் வகுப்பைச் சிபாரிசு செய்தது. சுப்பிரமணியன் சிரித்தார்.

"அதெல்லாம் எதுக்கு? நம்ம சார் இருக்காரு. ஊரே அவர்கிட்டதான் போர்ச்சுகல்லு கத்துக்குது."

"ஊர்ல யாருப்பா கத்துக்கறா?"

"நீ கத்துக்க, அப்பறம் ஊரு கத்துக்கும்."

துரைராஜுக்கு அன்று கிடைத்த சந்தோஷத்தை எந்த ஓய்வூதியமும் தந்திருக்காது. தம்பிடி வேண்டாம் என்றார். அவருக்குக் காசு ஆசை கிடையாது. அது இருந்திருந்தால்கூட மன்னிக்கலாம். வாரத்தில் மூன்று நாள், மாலை ஆறு மணிக்கு அவர் வீட்டு ஹாலில் வகுப்பு. டிசம்பரிலிருந்து மார்ச் வரை மலர்விழி ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து, குளித்து, டவுன் பஸ் பிடித்து வந்தாள். எழுத்து கிடையாது, புத்தகம் கிடையாது. "மொழிங்கறது காதால வர்றது பாப்பா. எழுத ஆரம்பிச்சா நாக்கு கெட்டுப்போவும்" என்றார். அவருக்கு எழுதத் தெரியாது.

முதியோர் இல்லத்து வேலை என்றதும் அவருடைய அரை டஜன் வாக்கியங்களும் கச்சிதமாகப் பொருந்திவிட்டன. குடிக்கிறது, சாப்பிடாது, வயதாகிவிட்டது. முயல் ஒன்றுதான் இடித்தது. இரண்டாவது வாரமே மலர்விழி கேட்டுவிட்டாள்.

"சார், எல்லா வாக்கியத்துலயும் கொயேல்யு வருதே. அப்படின்னா என்ன சார்?"

துரைராஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சாதாரணமாக இது பொய் சொல்வதற்கு முன் அவர் எடுத்துக்கொள்ளும் அவகாசம்.

"அது மரியாதச் சொல்லு. பெரியவரேன்னு சொல்றாப்புல. நம்ம பக்கம் வாங்க, போங்கன்னு 'ங்க' போடுறோம்ல, அந்த மாதிரி. யாரு கிட்ட பேசினாலும் ஒரு கொயேல்யு போட்டுட்டின்னா, பொண்ணு நல்ல குடும்பம்னு அவங்களுக்குப் புரிஞ்சுபோவும்."

மலர்விழி முட்டாள் இல்லை. அன்றே பஸ்ஸில் உட்கார்ந்து போனில் மொழிபெயர்ப்பை எடுத்து வாயால் சொல்லிப் பார்த்தாள். 'முயல் தண்ணீர் குடிக்கிறது' என்று வந்தது. மறு வகுப்பில் போனை நீட்டினாள்.

"சார், இதுல முயல்னு காட்டுது."

"போனுக்கு என்னா தெரியும் மரியாத?" என்றார் துரைராஜ். "நீ அப்பா வாங்கன்னு போன்ல அடிச்சுப் பாரு, அதுல அந்த 'ங்க' வருதான்னு. மெஷின் வேற, மனுசன் வேற. எங்க காலத்துல ஜெர்மன்காரனே இதச் சொல்லியிருக்கான்."

அவள் போனைக் கைப்பைக்குள் வைத்துவிட்டாள். கையில் இருந்த கருவி உண்மையைச் சொன்னது. எதிரில் இருந்த ஃபோர்மேன் பொய் சொன்னார். சுப்பிரமணியன் வளர்த்த பெண் ஃபோர்மேனை நம்பினாள். இந்தத் தவறை உலகத்தில் வேறு எந்த ஊரிலும் செய்திருக்க மாட்டார்கள்.

ஏப்ரல் இரண்டாம் வாரம், மாலை மூன்றரை மணிக்கு நேர்காணல். போர்ச்சுகலில் அப்போது காலை பதினொன்று. சுப்பிரமணியன் அரை நாள் லீவு போட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு கேமராவில் விழாத மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்தார். திரையில் இல்லத்தின் தலைவி, அறுபது வயது இருக்கும், முகத்தில் நிதானம். இன்னொரு சதுரத்தில் ஏஜென்சிப் பெண், மொழிபெயர்க்க.

தலைவி காலை வணக்கம் சொன்னார். மலர்விழியும் புன்னகையோடு, "போம் தியா, கொயேல்யு" என்றாள்.

அந்த அம்மாள் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு ஏதோ கேட்டார்.

"சாப்பிட மறுக்கிற ஒரு முதியவரை எப்படிக் கவனிப்பீங்கன்னு கேக்கறாங்க. தெரிஞ்ச வார்த்தையில சொன்னா போதுமாம்" என்றாள் ஏஜென்சிப் பெண்.

மலர்விழி இதற்குத்தான் நாலு மாதம் தயாராகியிருந்தாள். தெளிவாக, தடங்கல் இல்லாமல், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே மூச்சு விட்டுச் சொன்னாள். பெரியவருக்கு வயதாகிவிட்டது. பெரியவர் இறைச்சி சாப்பிட மாட்டார். பெரியவர் தண்ணீர் குடிக்கிறார். பெரியவர் சமையலறையில் இருக்கிறார்.

அந்த அம்மாள் காதில் விழுந்தது வேறு. கடைசி வாக்கியத்தில் அவரால் தாங்க முடியவில்லை. மேசையில் நெற்றியை வைத்துச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார், மறுபடி சிரித்தார். ஏஜென்சிப் பெண் மைக்கை அணைக்க மறந்து, "ஐயோ, என்னங்க இது" என்றாள்.

பத்து நிமிடம் கழித்து அவளே தனியாக அழைத்தாள். "மலர்விழி, கொயேல்யுன்னா முயல்ங்க. அந்த ஊர்ல முயலச் சமைச்சு சாதத்தோட சாப்பிடுவாங்க. வயசான முயல் கிச்சன்ல இருக்குன்னு சொல்லியிருக்கீங்க, அதுவும் முதியோர் இல்லத்துக்காரங்க கிட்ட. யாருங்க சொல்லிக்குடுத்தது?"

ஆனாலும் அந்தத் தலைவி நல்லவர். உச்சரிப்பு சுத்தமாக இருக்கிறது, பயப்படாமல் பேசுகிறாள், செப்டம்பரில் இன்னொரு வாய்ப்புத் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். அதற்கு ஜூலை 31க்குள் பாஸ்போர்ட்டைச் சென்னை ஏஜென்சிக்கு நேரில் கொண்டுபோய்க் காட்டிப் பெயரை உறுதி செய்ய வேண்டும்.

சுப்பிரமணியன் காதில் செப்டம்பர் விழவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து தன் மகளைப் பார்த்து ஒரு வெள்ளைக்காரி சிரித்ததை மட்டும்தான் அவர் பார்த்தார்.

"சார் நாலு மாசம் ஓசியில உசுரக் குடுத்து சொல்லிக்குடுத்தாரு. நீ ஒழுங்கா படிக்கல. இப்ப அவரு பேரையும் கெடுத்துட்ட."

"அப்பா, அவரு தப்பா சொல்லிக்குடுத்தாருப்பா."

"சாரு தப்பா சொல்லுவாரா?" அதற்கு மேல் அவரிடம் விவாதம் இல்லை. பாஸ்போர்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்புக் கயிற்றில் முடிந்துகொண்டார். "ஒரு தடவ சிரிச்சது போதும். இங்கயே காண்ட்ராக்ட்ல கெட. மாப்ள பாக்கறேன்."

மறுநாளே மலர்விழி இந்திரா நகர் போனாள். துரைராஜ் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கஸ்தூரியம்மாள் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"சார், கொயேல்யுன்னா முயலாம்."

"யாரு சொன்னா?"

"அந்த ஊர்க்காரங்களே சொன்னாங்க சார்."

"அந்த ஊர்ல எந்த ஜில்லா?" துரைராஜ் பேப்பரை மடித்தார். "நம்ம ஊர்லயே கடலூர் பேச்சு வேற, மதுர பேச்சு வேற. போர்ச்சுகல் என்னா இந்திரா நகர் அளவா இருக்கு? ஏரியாவுக்கு ஏரியா மாறும்."

கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. "முயலுதான்."

கஸ்தூரியம்மாள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குறிஞ்சிப்பாடிக்காரர். "நாந்தான் தெனம் பாக்குறனே. வெள்ளையா காத நீட்டிகினு போனுக்குள்ள குந்திகினு இருக்கும். இவரு அதப் பாத்துகினு குவேலு குவேலுன்னு கத்திகினு இருப்பாரு."

"நீ சும்மா இருடி."

"சும்மாதான இருந்தேன். அஞ்சு வருசமா சும்மாதான் இருக்கேன். யாரு வந்து என்னிய கேட்டாங்க?"

மலர்விழிக்குக் கோபப்பட நேரம் இல்லை. "சார், நீங்க யார்கிட்டயும் சொல்ல வேணாம். எங்க அப்பாகிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லிடுங்க. புள்ள ஒழுங்காதான் படிச்சா, தப்பு அவ மேல இல்லன்னு. நீங்க சொன்னா பீரோவத் தெறந்துடுவாரு."

ஒரு வாக்கியம். அதுவும் தமிழில். துரைராஜால் அதைச் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அப்போதுதான் மூத்தோர் பண்பாட்டு மன்றம் அவருக்குப் 'பன்மொழிப் பேரொளி' பட்டம் தருவதாக முடிவு செய்திருந்தது. ஜூலை 21, ஞாயிற்றுக்கிழமை விழா. ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்தாகிவிட்டது.

"விழா முடியட்டும் பாப்பா. நீயும் மேடையில எம் மாணவின்னு நாலு வார்த்த நல்லா பேசு. அன்னிக்கே உங்கப்பன உக்கார வச்சு நான் பேசறேன்."

பேரம் படிந்தது. அவளுக்கு வேறு வழி இல்லை. ஆனால் அவள் ஜூலை வரை சும்மாவும் இருக்கவில்லை. அதே செயலியைத் தன் போனில் இறக்கினாள். துரைராஜ் ஐந்து வருடமாகத் தாண்டாத விலங்குகள் பாடத்தை ஆஸ்பத்திரியின் மதிய இடைவேளைகளில் ஒரே வாரத்தில் தாண்டினாள். ஏஜென்சியின் ஆன்லைன் வகுப்பிலும் சேர்ந்தாள். இதற்கு எந்த மேதாவித்தனமும் தேவைப்படவில்லை. தோற்ற பாடத்தை மறுபடி படிக்க வேண்டும், அவ்வளவுதான். துரைராஜ் அதைத்தான் செய்யாமல் இருந்தார்.

விழாவில் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஓய்வு பெற்றவர்களுக்கு ஞாயிறு மாலை என்ன வேலை? வாசலில் கேசரியும் போண்டாவும் வைத்திருந்தார்கள். மேடையின் பின்னால் துரைராஜ் இருபது அடி உயரத்தில் சிரித்தார். படத்தின் மூலையில் எங்கிருந்தோ ஒட்டிய ஈபிள் கோபுரம். அது போர்ச்சுகலில் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. மன்றச் செயலாளர் ஜெயப்பிரகாஷ் ஒவ்வொருவரையும் 'நமது' என்று ஆரம்பித்து அழைத்தார். பொன்னாடைகள் போர்த்தப்பட்டன. பெயர்தான் பொன்னாடை; பாலியஸ்டர். ஒருவர் போர்த்தியதை மடித்து வைத்து இன்னொருவருக்குப் போர்த்துகிற சிக்கனமும் அங்கே நடந்தது.

துரைராஜ் போனை முன்வரிசையில் இருந்த கஸ்தூரியம்மாளிடம் கொடுத்து, "நல்லா போட்டோ எடு" என்று சொல்லிவிட்டு மைக்கைப் பிடித்தார். கையை உயர்த்தினார். "ஊ கொயேல்யு எஸ்தா ந கொஸீஞ்ஞா!" அரங்கம் அதிர்ந்தது. "உழைப்பாளர் வாழும் நகரமே, உனக்குத் தலை வணங்குகிறேன் என்பது இதன் பொருள்" என்றார். கைதட்டல் அடங்க அரை நிமிடம் ஆனது.

அடுத்து மாணவியின் நன்றியுரை. மலர்விழி மைக் முன்னால் வந்தாள். மூன்றாவது வரிசையில் அப்பா. அதே இஸ்திரி சட்டை. கை சிவக்கத் தட்டிக்கொண்டிருந்தார். ஒப்புக்கொண்டபடி நாலு வார்த்தை புகழ்ந்துவிட்டு இறங்கியிருக்கலாம். ஆனால் மூன்று மாதமாக 'விழா முடியட்டும்' என்ற மனிதர் நாளைக்கு 'தீபாவளி போகட்டும்' என்பார் என்று அந்தக் கைதட்டலின் போது அவளுக்கு விளங்கிவிட்டது.

"எல்லாருக்கும் வணக்கம். சார் இப்ப சொன்னதுக்கு அர்த்தம், முயல் சமையலறையில இருக்கு."

பின்வரிசையில் ஒருவர் களுக்கென்று சிரித்தார்.

"சாவு வீட்டுல சார் சொல்றது, முயல் கறி திங்காது. கல்யாணத்துல சொல்றதும் அதேதான். டீக்கடையில சொல்றது, முயல் எங்க. எனக்கு அதத்தான் சார் நாலு மாசம் சொல்லிக்குடுத்தாரு. அதனாலதான் நான் இன்டர்வியூல பெயில் ஆனேன்."

இப்போது அரங்கமே குலுங்கிச் சிரித்தது. போண்டா சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவருக்குப் புரையேறியது. ஜெயப்பிரகாஷ் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். அவள் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. அத்தனையையும் அவர்கள் நகைச்சுவை நிகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டார்கள். "இல்லங்க, நெசமாத்தான் சொல்றேன்" என்றாள். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

துரைராஜுக்கு முகம் வெளுத்தது ஒரு கணம்தான். கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மோப்பம் பிடிப்பதில் அவர் கெட்டிக்காரர். மைக்கை அவள் கையிலிருந்து மெல்ல எடுத்தார். "பாத்தீங்களா? மொழி மட்டும் இல்ல, மேடையில சிரிக்க வைக்கறதையும் நாந்தான் சொல்லிக்குடுத்தேன்." ஜெயப்பிரகாஷ் ஓடிவந்து அவருக்கு இன்னொரு பொன்னாடை போர்த்தினார்.

மலர்விழி இறங்கி வந்தாள். சுப்பிரமணியன் எழுந்து நின்றார். அவர் ஒருவர்தான் அங்கே சிரிக்காதவர்.

"நாலு பேரு முன்னாடி சார இப்படிப் பேசற அளவுக்கு வந்துட்டியா? வா வூட்டுக்கு."

"யோவ் சுப்பிரமணி, இங்க வாய்யா."

கஸ்தூரியம்மாள் முன்வரிசையிலிருந்து எழுந்து வந்திருந்தார். கையில் துரைராஜின் போன். போட்டோ எடுக்கவில்லை. செயலியைத் திறந்து, சத்தத்தை முழுதாக வைத்து, சுப்பிரமணியனின் முகத்துக்கு நேரே பிடித்தார். வெள்ளையாக ஒரு முயல், காதை நீட்டிக்கொண்டு கிண்ணத்தில் தண்ணீர் குடித்தது. ஒரு பெண் குரல் சொன்னது: "ஊ கொயேல்யு பேபி ஆக்வா."

"இது இன்னாய்யா, சொல்லு."

"முயலுங்க" என்றார் சுப்பிரமணியன்.

"இத்ததான் ஒம் பொண்ணுக்கு பெரியவருன்னு சொல்லிக்குடுத்தாரு எங்கூட்டுக்காரரு. இன்னொரு தபா பாரு."

மறுபடி அழுத்தினார். முயல் மறுபடி தண்ணீர் குடித்தது. மூன்றாவது முறையும் குடித்தது. மேடையில் துரைராஜ் மாலையோடு போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார். எடுக்கத்தான் போன் இல்லை.

சுப்பிரமணியன் அங்கேயே மேடை ஏறி ஏதாவது கேட்டிருப்பார் என்று நினைக்கிறவர்களுக்கு அவரைத் தெரியாது. நாற்காலிகளை அடுக்க உதவி செய்தார். கேசரி வாங்கிச் சாப்பிட்டார். மகளை வண்டியில் வீட்டுக்குக் கூட்டிவந்தார். காலையில் மலர்விழி டூட்டிக்குக் கிளம்பியபோது மேசை மேல் பாஸ்போர்ட் இருந்தது. அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு சட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"லீவு சொல்லிட்டு மெட்ராஸ் போயி காட்டிட்டு வந்துடு. கடைசி நாள் வரைக்கும் வச்சிகினு இருக்காத."

மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. துரைராஜைச் சாலையில் பார்த்தால் இப்போதும் வண்டியை நிறுத்தி, ஒரு காலை ஊன்றி, வணக்கம் சார் என்கிறார். துரைராஜும் ஏதோ ஒரு முயலைச் சொல்லி ஆசீர்வதிக்கிறார்.

விழாவுக்குப் பிறகு அவர் வகுப்பில் பதினோரு பேர் சேர்ந்திருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் அந்த அரங்கில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தவர்கள். ஆகஸ்ட் கடைசியில் ஒரு கோயில் கும்பாபிஷேக மலருக்கு அவர் போர்ச்சுகீசியத்தில் வாழ்த்துச் செய்தி தருகிறார்.

மலர்விழி ஜூலை 25 அன்று சென்னை போய்ப் பெயரை உறுதி செய்துவிட்டு வந்தாள். அவளுடைய இரண்டாவது நேர்காணல் செப்டம்பர் 9, திங்கட்கிழமை, மாலை மூன்றரை மணிக்கு.